லைப்ரரி பார்த்துக்கொள்ளும் என்பவர்களுக்கு

எக்ஸ்எம்எல் ஆவணத்தை உருவாக்கி அனுப்புவதெல்லாம் என்றோ தீர்ந்துபோன பிரச்சினை என்ற எண்ணம் கணினித் துறையில் வேரூன்றிப்போயிருக்கிறது. கொல்கத்தா சால்ட் லேக்கின் செக்டர் ஃபைவில் கேட்டாலும் சென்னை ஓஎம்ஆரில் கேட்டாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: டேக்கையும் டேட்டாவையும் கையால் ஒட்டி எழுதுகிறவர்கள்தான் தப்பு செய்கிறார்கள், முறையான லைப்ரரியைக் கொண்டு எழுதினால் மற்றதை லைப்ரரி பார்த்துக்கொள்ளும். இதில் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி உண்மையல்ல. அந்த லைப்ரரிகள் புரோகிராமருக்குத் தரும் இடைமுகங்களிலேயே, அதாவது ஏபிஐகளிலேயே, குறை இருக்கிறது. எழுதுவதை வாசிப்பதன் மறுதலையாக மட்டும் எண்ணி அவற்றை வடிவமைத்தார்கள். அதனால் தவறான டேட்டாவை அவை மறுபேச்சின்றி வாங்கிக்கொள்கின்றன. தவறு வெளிப்படுவது எதிர்முனையில், வேறொருவர் தலையில். தயாரிப்பவரின் கவனக்குறைவு என்று நாம் எழுதிவைக்கும் கணக்கில் பெரும்பகுதி கருவியின் கணக்கில் சேர வேண்டியது.

முதல் பாதி உண்மை என்பதற்குக் கொல்கத்தாவே சாட்சி. 1863இல் தொடங்கிய ஆண்ட்ரூ யூல் & கம்பெனி, 1867இல் தொடங்கிய பால்மர் லாரி & கம்பெனி இரண்டும் இன்று மத்திய அரசு நிறுவனங்கள்; இரண்டுக்கும் தலைமையகம் இந்த ஊர்தான். கிளைவ் ஸ்ட்ரீட் என்று அழைக்கப்பட்ட இன்றைய நேதாஜி சுபாஷ் ரோட்டிலும் சுற்றுத் தெருக்களிலும் கொடிகட்டிப் பறந்த பிரிட்டிஷ் ஏஜென்சி ஹவுஸ்களின் காலத்திலிருந்தே இங்கே கம்பெனிப் பெயரில் & குறி சர்வ சாதாரணம். எக்ஸ்எம்எல்லில் அந்தக் குறிக்கு வேறு வேலை உண்டு. அதை &#38; என்று மாற்றி எழுதாமல் அப்படியே ஒட்டிவிட்டால் ஆவணம் அந்த இடத்திலேயே உடையும், வாங்குகிற நிரல் முழு ஃபைலையும் தள்ளிவிடும். எந்தச் சாதாரண லைப்ரரியும் இந்த மாற்றத்தைத் தானே செய்துவிடுகிறது. கையால் ஒட்டாதீர்கள் என்ற அறிவுரை இந்த அளவுக்குச் சரியானது. இந்த ஒரு வெற்றியை வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றிலும் லைப்ரரி இதே அக்கறையோடு நடந்துகொள்கிறது என்று முடிவு கட்டியதில்தான் பிசகு நேர்ந்தது.

இந்தப் பிசகுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1998 பிப்ரவரி 10 அன்று, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி வெளியிட்ட எக்ஸ்எம்எல் 1.0 விதிநூல், வாசிக்கும் நிரலான பார்சருக்கு என்னென்ன கடமை என்று விரிவாகச் சொல்கிறது. ஆவணத்தின் உருவம் பிசகியிருந்தால் அது அபாயப் பிழை. வழக்கமான வேலையைத் தொடரவே கூடாது. ஆவணம் எப்படி இருக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. எழுதும் நிரலுக்கு என்ன கடமை என்பது மட்டும் இல்லை. அதே ஆண்டு மே மாதம் டேவிட் மெகின்சன் முன்னின்று கொண்டுவந்த சாக்ஸ் இடைமுகம் வாசிப்பதற்கானது. அக்டோபரில் வந்த டாம் முதல் நிலை, ஆவணத்தை நினைவகத்தில் மரமாக வைத்துத் திருத்தும் வழியைத் தந்தது. அந்த மரத்தைத் திரும்ப ஃபைலாக எழுதும் பொது இடைமுகம் 2004 ஏப்ரலில், மூன்றாம் நிலையில்தான் வந்து சேர்ந்தது. இடைப்பட்ட ஐந்தரை ஆண்டுகளில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றியபடி எழுதும் வழியைச் செய்துகொண்டது. சாக்ஸையே தலைகீழாகத் திருப்பி, தொடக்க டேக் வந்தது, எழுத்து வந்தது, முடிவு டேக் வந்தது என்று நிரலே கூவிக்கொண்டு போனால் அந்தப் பக்கம் ஆவணம் விழும் என்ற ஏற்பாடு பரவலானது. முடிவு டேக்கைக் கூவ மறந்தால் கேட்பதற்கு அங்கே ஆளில்லை. 2004இல் ஜாவாவுக்கு வந்த ஸ்டாக்ஸ் எழுதுவதற்கென்றே ஓர் இடைமுகத்தைத் தந்தது. ஆனால் தனக்கு வருவது ஒழுங்கான உருவத்தில் இருக்கிறதா என்று அது சோதிக்காது; உரையை எழுதும்போது &, <, > ஆகிய மூன்றையும் மாற்ற வேண்டியது மட்டுமே அதன் கட்டாயம். இதை அந்த இடைமுகத்தின் சொந்தக் கையேடே ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. லைப்ரரி பார்த்துக்கொள்ளும் என்பவர்கள் அந்த ஒரு பத்தியைப் படித்தாலே போதும்.

எழுத்துகளிலிருந்து தொடங்குவோம். எக்ஸ்எம்எல் 1.0 ஆவணத்தில் சில கட்டுப்பாட்டுக் குறிகளுக்கு இடமே கிடையாது; எண்ணாக மாற்றி எழுதினாலும் செல்லாது. புர்ராபஜாரின் மொத்த வியாபாரக் கடைகள் தொடங்கி நாடெங்கும் கணக்கு எழுதப் பயன்படும் டேலி, வெளியே தரும் எக்ஸ்எம்எல்லில் தன் உள்ளமைந்த பெயர்களுக்கு முன்னால் &#4; என்று இடுவது அதனோடு வேறு மென்பொருளை இணைத்தவர்கள் எல்லோரும் அறிந்தது. நாலாம் எண் குறி தடை செய்யப்பட்டது. ஆகவே விதிப்படி நடக்கும் பார்சர் எதுவும் அந்த ஃபைலை ஏற்காது. வாங்குகிறவர்கள் முதலில் அந்தக் குறியைத் துடைத்தெடுத்துவிட்டுத்தான் படிக்கிறார்கள். டேலியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வேர்ட் ஆவணத்தில் பத்தியை முடிக்காமல் வரியை உடைத்தால் உள்ளே விழுவது பதினோராம் எண் குறி; அங்கிருந்து வெட்டி ஒட்டிய முகவரியில் அதுவும் கூடவே வந்துவிடும். பைத்தானோடு வரும் எலிமென்ட்ட்ரீயிடம் அந்த முகவரியைக் கொடுத்தால் மறுக்காமல் அப்படியே எழுதிவிடும். பிரவுசர்களில் உள்ள எக்ஸ்எம்எல்சீரியலைசருக்கோ, உருவச் சோதனை அணைக்கப்பட்ட நிலையிலேயே வேலை செய்யும்படி அதன் விதிநூல் சொல்கிறது. அதே பைத்தானில் எல்எக்ஸ்எம்எல் என்ற இன்னொரு லைப்ரரி, தடை செய்யப்பட்ட குறி உள்ளே வரும் கணத்திலேயே பிழை காட்டி மறுத்துவிடுகிறது. முடியாத காரியமில்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது. எலிமென்ட்ட்ரீ சோதிக்காததற்கு அதன் வடிவமைப்புதான் காரணம், எக்ஸ்எம்எல் இல்லை.

உடைந்த ஆவணமாவது உடனே தெரிந்துவிடும். உருவம் சரியாக இருந்து பொருள் மட்டும் அழிந்துபோவது அதைவிடக் கொடுமை. கம்பெனிகள் விவகார அமைச்சகம் 2010-11 நிதியாண்டுக் கணக்கிலிருந்து குறிப்பிட்ட வகைக் கம்பெனிகள் தங்கள் நிதிநிலை அறிக்கையை எக்ஸ்பிஆர்எல் வடிவில் தரவேண்டும் என்று விதித்தது. எக்ஸ்பிஆர்எல் என்பது எக்ஸ்எம்எல்லின் மேல் கட்டிய மொழி. ஒரு தொகை ரூபாயில் இருக்கிறது என்பதை அதில் ஐஎஸ்ஓ4217:ஐஎன்ஆர் என்ற வடிவில் குறிப்பார்கள். கோலனுக்கு முன்னால் இருப்பது முன்னொட்டு. அது எந்த நேம்ஸ்பேஸைச் சுட்டுகிறது என்ற அறிவிப்பு ஆவணத்தின் தலைப்பகுதியில் இருக்கும். அறிவிப்பு இருக்கும்வரைதான் அந்த முன்னொட்டுக்கு அர்த்தம். இப்போது அந்த ஃபைலை எலிமென்ட்ட்ரீயில் திறந்து ஓர் எண்ணை மட்டும் திருத்தி மறுபடி சேமிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அது முன்னொட்டுகளையெல்லாம் என்எஸ்0, என்எஸ்1 என்று தன்னிஷ்டப்படி மாற்றும். டேக் பெயரிலும் பண்புப் பெயரிலும் பயன்பட்ட நேம்ஸ்பேஸ்களை மட்டும் மறுபடி அறிவிக்கும். ரூபாயைக் குறிக்கும் முன்னொட்டு டேக்கில் இல்லை, உரைக்குள் இருக்கிறது. உரை என்றால் வெறும் உரை என்பதே அந்த இடைமுகத்தின் கணக்கு. அறிவிப்பு காணாமல் போகும். ஆவணத்தை எந்தப் பார்சரும் குறையின்றிப் படிக்கும், ஆனால் தொகைகள் எந்த நாணயத்தில் இருக்கின்றன என்று அதற்குத் தெரியாது. ஆண்டறிக்கையின் ஒவ்வொரு எண்ணும் அலகை இழந்து நிற்கும். இங்கே புரோகிராமர் கையால் எதையும் ஒட்டவில்லை. சொன்னபடி லைப்ரரியைத்தான் பயன்படுத்தினார்.

ஆவணம் பைட்டாக மாறும் இடத்துக்கு வருவோம். என் பார்வையில் இடைமுகங்களின் மிகப் பெரிய குறை இங்கேதான். எக்ஸ்எம்எல் தன் எழுத்துக் குறிமுறை எது என்று முதல் வரியிலேயே அறிவிக்கும் ஆவணம். அந்த அறிவிப்பை எழுதுவது ஒரு கருவி, எழுத்துகளைப் பைட்டாக மாற்றுவது இன்னொரு கருவி என்று வேலை பிரிந்துவிட்டால் அறிவிப்பு பொய்யாகிவிடும். டாட்நெட்டில் எக்ஸ்எம்எல்ரைட்டரை ஸ்டிரிங்ரைட்டருக்குள் எழுதவிட்டால், ஆவணம் யுடிஎஃப்-16 என்று தன்னை அறிவித்துக்கொள்ளும். அந்த ஸ்டிரிங்கை வாங்கி அனுப்பும் பகுதி யுடிஎஃப்-8 ஆக அனுப்பும். ஜாவாவில் 2022இல் பதிப்பு 18 வரும்வரை, குறிமுறை எது என்று சொல்லாமல் ஸ்டிரிங்கைப் பைட்டாக்கினால் இயங்குதளத்தின் வழக்கக் குறிமுறைதான் பயன்படும். மேற்கத்திய விண்டோஸ் குறிமுறையில் வங்க எழுத்துக்கு இடமில்லை, தமிழுக்கும் இல்லை. ஆகவே ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாக மாறும். வரிசையாகக் கேள்விக்குறிகள் நிற்கும் அந்த ஆவணம் உருவத்தில் குறையற்றது. எந்தச் சோதனையிலும் தேறிவிடும், ஆளின் பெயர் மட்டும் அதில் இருக்காது. அனுப்பும் வழியிலும் இதே கதைதான். 2001இல் வந்த ஆர்எஃப்சி 3023 என்ற இணைய விதிநூல், எக்ஸ்எம்எல்லை உரை வகை என்று சொல்லி, குறிமுறை சொல்லாமல் அனுப்பினால் ஆவணம் தன்னைப் பற்றி என்ன அறிவித்திருந்தாலும் அதை அமெரிக்க ஆஸ்கி என்றே கொள்ள வேண்டும் என்றது. அந்த விதி மாற 2014இல் ஆர்எஃப்சி 7303 வரவேண்டியிருந்தது.

வங்க மொழிக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. தமிழில் 'கொ' என்பதை யூனிகோடில் ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகவும் எழுதலாம். என்எஃப்சி என்ற ஒழுங்குமுறை இரண்டையும் ஒரே குறியாகச் சேர்த்துவிடும். வங்கத்தில் சட்டோபாத்யாய், முகோபாத்யாய், பந்தோபாத்யாய், ராய் என்று முடியும் பெயர்களின் கடைசி எழுத்துக்கும் இரண்டு வடிவங்கள் உண்டு: தனிக் குறி ஒன்று, அடியில் புள்ளி சேர்ந்த இரண்டு குறிகள் மற்றொன்று. இங்கே என்எஃப்சி நேர்மாறாக நடக்கிறது. ஒரே குறியாக இருப்பதைப் பிரித்து இரண்டாக்குகிறது. தட்டச்சு மென்பொருளைப் பொறுத்து எது வேண்டுமானாலும் ஃபைலில் இருக்கும், திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இதில் டிஜிட்டல் கையொப்பம் சேரும்போது விளைவு விபரீதமாகிறது. ஆதார் இ-கேஒய்சி பதில் கையொப்பமிட்ட எக்ஸ்எம்எல். உள்ளூர் மொழியில் பெயரும் முகவரியும் அதில் இடம்பெறலாம். 2016இல் தொடங்கிய யுபிஐயின் செய்திகளும் கையொப்பமிட்ட எக்ஸ்எம்எல்தான். கையொப்பத்துக்கு முன் ஆவணத்தை ஒழுங்குபடுத்தும் கெனானிக்கல் எக்ஸ்எம்எல் முறை, பண்புகளின் வரிசை, மேற்கோள் குறி போன்றவற்றைச் சீராக்கும். எழுத்து வடிவத்தைத் தொடாது. இடையில் எந்த மென்பொருளாவது பெயரை என்எஃப்சிக்கு மாற்றிவிட்டால் ஒரு சட்டோபாத்யாயின் ஆவணம் போலி என்று தீர்ப்பாகும், ஒரு கோஷின் ஆவணம் தேறும். எந்த வடிவம் உள்ளே வந்தது, எந்த வடிவம் வெளியே போகிறது என்று எழுதும் இடைமுகங்கள் பெரும்பாலும் சொல்வதே இல்லை. படிக்க வசதியாக இருக்கட்டும் என்று வரிகளை உள்தள்ளி அடுக்கும் ஒரு சிறு அமைப்பை இயக்கினாலே கையொப்பம் உடைந்துவிடும் என்பதையும் அவை எச்சரிப்பதில்லை.

பாதியில் நின்றுபோகும் ஆவணத்தைப் பற்றி நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை. முடிவு டேக் இல்லாத ஆவணம் செல்லாது என்பது எக்ஸ்எம்எல்லின் மிகப் பெரிய பாதுகாப்பு. பாதி வழியில் அறுந்த ஃபைலை வாங்குகிறவர் தெரியாமல் ஏற்க முடியாது. அந்தப் பாதுகாப்பைச் சில இடைமுகங்களே தகர்த்துவிடுகின்றன. டாட்நெட்டின் எக்ஸ்எம்எல்ரைட்டரை மூடும்போது, திறந்திருக்கும் டேக்குகளையெல்லாம் அது தானாகவே மூடித்தரும். இதை வேண்டாம் என்று சொல்ல வழி இருந்தாலும், சொல்லாவிட்டால் நடப்பது இதுதான். ஒரு சணல் ஆலையின் சம்பளப் பட்டியலை நிரல் எழுதிக்கொண்டிருக்கிறது என்று கொள்வோம். நடுவில் டேட்டாபேஸ் இணைப்பு அறுந்து பிழை எழுகிறது. பிழையைக் கையாளும் வழக்கமான கட்டமைப்பு, வெளியேறும் முன் ரைட்டரை ஒழுங்காக மூடுகிறது. ரைட்டர் தன் கடமையைச் செய்து எல்லா டேக்கையும் மூடுகிறது. பட்டியலில் பாதித் தொழிலாளர்கள். ஆவணத்திலோ ஒரு குறையும் இல்லை. அது சர்வரிலிருந்து நேராக வாங்குகிறவருக்குப் போய்க்கொண்டிருந்தால், வெற்றி என்று சொல்லும் எச்டிடிபி 200 எண் முன்பே போய்ச் சேர்ந்திருக்கும்; அதைத் திரும்பப் பெற வழியில்லை. இதை வங்கித் துறை நன்றாக அறிந்திருக்கிறது. ரிசர்வ் வங்கி 2013 அக்டோபரில் புதிய ஆர்டிஜிஎஸ்ஸுக்கு எடுத்துக்கொண்ட ஐஎஸ்ஓ 20022 தரத்தில், மொத்தப் பணம் அனுப்பும் செய்தியின் தலைப்பிலேயே எத்தனை பரிவர்த்தனை என்று சொல்லியாக வேண்டும். மொத்தத் தொகையையும் சொல்லலாம். யுபிஐயில் கோரிக்கைக்கு முதலில் வருவது கிடைத்தது என்ற ஒப்புகை மட்டும், முடிவு தனிச் செய்தியாகப் பின்னால் வரும். அனுப்பும் நிரல் 'ஆயிற்று' என்று சொல்வதை நம்பாமல் செய்த ஏற்பாடுகள் இவை.

இதற்கெல்லாம் உடனே வரும் பதில், எக்ஸ்எம்எல்லையே விட்டுவிடலாமே, ஜேசன் இருக்கிறதே என்பது. ஜிஎஸ்டி 2017இல் தொடங்கும்போதே ஜேசனைத் தேர்ந்தது. வருமான வரித் துறையும் 2021-22 மதிப்பீட்டு ஆண்டுக்கு எக்ஸ்எம்எல்லை விட்டு ஜேசனுக்கு வந்தது. முன்னொட்டுச் சிக்கல் ஜேசனில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மற்றவற்றில் பெரும்பாலானவை அப்படியே இருக்கின்றன. கேள்விக்குறியாகிப்போன பெயர் ஜேசனிலும் கேள்விக்குறிதான். சட்டோபாத்யாயின் கடைசி எழுத்து அங்கேயும் இரண்டு வடிவந்தான். டாட்நெட்டில் மிகப் பரவலான நியூட்டன்சாஃப்ட் ஜேசனின் ரைட்டரும், மூடும்போது திறந்த அடைப்புகளைத் தானே பூர்த்தி செய்துவிடும்படியே இயல்பாக அமைந்திருக்கிறது. வடிவத்தை மாற்றியவர்கள் இடைமுகத்தின் பழக்கத்தை மாற்றவில்லை. போதாததற்கு, எல்லா ஆவணமும் வரிக்கணக்கு போல் பெட்டி பெட்டியாக அடங்குவதில்லை. ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் சுகாந்த சௌதுரி தலைமையில் உருவாகி 2013இல் வெளியான விசித்ரா தளத்தில் தாகூரின் கையெழுத்துப் பிரதிகளைப் பார்க்கலாம். அடித்த சொல், அதன் மேல் எழுதிய சொல், அடித்தலையே ஓவியமாக்கிய கோடுகள் என்று பக்கங்கள் நிறைந்திருக்கும். அப்படிப்பட்ட பிரதிகளைக் குறியிட உலகெங்கும் அறிஞர்கள் கையாளும் டிஇஐ என்ற குறியீட்டு முறை எக்ஸ்எம்எல்லில்தான் இருக்கிறது. ஓடும் உரைக்கு நடுவே குறியிட ஜேசனில் இயல்பான வழியில்லை. அங்கேயும் எழுதும் கருவியிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஒரு சொல்லின் நடுவே ஓர் எழுத்து அடிக்கப்பட்டிருந்தால், வரிகளை அழகாக அடுக்கும் வசதி அந்த இடத்தில் இடைவெளியைப் புகுத்தி ஒரு சொல்லை மூன்று துண்டாக்கிவிடக்கூடும்.

ஸ்கீமா சோதனை இருக்கிறதே என்பார்கள். ஸ்கீமா ஆவணத்தின் அமைப்பைச் சோதிக்கும். பாதிப் பட்டியலும் முழுப் பட்டியலும் அதன் கண்ணுக்கு ஒன்றுதான். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறிகள் இருந்தாலும் அது எழுத்துதான். வாங்குகிறவர் கொஞ்சம் தாராளமாக இருக்கலாமே என்ற வாதம் இதைவிடப் பலவீனமானது. டேலியின் நாலாம் குறியைத் துடைக்க ஆளுக்கொரு வழி வைத்திருக்கிறார்கள். எதைத் துடைத்தோம், கூடவே வேறு எதுவும் போயிற்றா என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. பணமும் கையொப்பமும் உள்ள ஆவணத்தில் இத்தகைய தாராளம் மோசடிக்குக் கதவு திறப்பதாகும்.

கனமான வாதம் வேகத்தைப் பற்றியது. ஒவ்வொரு எழுத்தையும் ஒவ்வொரு பெயரையும் சோதித்துக்கொண்டிருந்தால் லட்சக்கணக்கான செய்திகளை அனுப்பும் சர்வர் தாங்குமா என்ற கேள்வி நியாயமானது. இதற்கு விடை இருபது ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. எக்ஸ்எம்எல் விதிநூலின் ஆசிரியர்களில் ஒருவரான டிம் பிரே 2004இல் சி மொழியில் ஜென்எக்ஸ் என்ற சிறு லைப்ரரியை எழுதினார். மரம் எதையும் நினைவகத்தில் கட்டாமல் ஓட்டமாக எழுதும், கெனானிக்கல் வடிவத்திலேயே எழுதும், உருவம் பிசகும் எதையும் எழுத மறுக்கும். எழுத்து அனுமதிக்கப்பட்டதா என்று ஓர் அட்டவணையைப் பார்ப்பதற்கு ஆகும் நேரம், அந்தச் செய்தியைக் கையொப்பமிட ஆகும் நேரத்தின் முன்னால் ஒன்றுமே இல்லை. ஜாவாவில் எலியட் ரஸ்டி ஹரால்ட் 2002இல் கொண்டுவந்த எக்ஸ்ஓஎம் மரமாகவே கட்டுகிறது, ஆனால் செல்லாத மரத்தைக் கட்டவே விடாது. இரண்டும் பரவலாகப் புழங்கவில்லை. மொழிகளோடு இலவசமாக வந்துசேர்ந்த இடைமுகங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததுதான் அதற்குக் காரணம் என்பது என் கணிப்பு.

ஆகவே கேட்க வேண்டியதை டெண்டரிலேயே கேட்க வேண்டும். அமைச்சகமோ வங்கியோ பல்கலைக்கழகமோ மென்பொருள் வாங்கும்போது, எக்ஸ்எம்எல் பயன்படுத்தப்படும் என்ற ஒற்றை வரி போதாது. எழுதும் பகுதி ஸ்டிரிங்கைத் தராமல் பைட்டைத்தான் தர வேண்டும், குறிமுறை அறிவிப்பும் மாற்றமும் ஒரே கையில் இருக்க வேண்டும். தடை செய்யப்பட்ட எழுத்து உள்ளே வரும்போதே மறுக்க வேண்டும். முடிந்தது என்பதற்கும் கைவிட்டேன் என்பதற்கும் தனித்தனிக் கட்டளை இருக்க வேண்டும், கைவிட்ட ஆவணத்தை எக்காரணம் கொண்டும் மூடித்தரக் கூடாது. கையொப்பமிட்ட பிறகு அந்தப் பைட்டுகளை எந்த அடுக்கும் மறுபடி எழுதக் கூடாது. ஏற்புச் சோதனையில் & உள்ள கம்பெனிப் பெயர், வேர்டிலிருந்து ஒட்டிய முகவரி, இரண்டு வடிவத்திலும் எழுதிய ஒரு முகோபாத்யாய், முன்னொட்டு உரைக்குள் இருக்கும் ஓர் எக்ஸ்பிஆர்எல் அறிக்கை, நடுவில் இணைப்பை அறுத்துவிட்ட ஒரு சம்பளப் பட்டியல் ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்றில் தவறினாலும் பில்லுக்குப் பணம் கொடுக்கக் கூடாது.